கொலம்பஸ் பேரில் ஒரு லீவு
அமெரிக்காவில் அக்டோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை அரசு விடுமுறை, கொலம்பஸ் பேரில்.

அவர் 1451-ல் இத்தாலியின் ஜெனோவாவில், ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தார். ஸ்பெயின் ராணி இசபெல்லா உதவியோடு ஆசியாவுக்கு வழி தேடி 3 கப்பல்களில் மேற்கே கிளம்பினார். 1492 அக்டோபர் 12-ல் பஹாமாஸ் தீவு ஒன்றில் இறங்கினார். ஆசியாவுக்கே வந்துட்டோம்னு நினைத்து, அங்கிருந்தவர்களை இந்தியர் என்றார். நம்ம பேரு எங்கே போய் ஒட்டிக்கிச்சு பாருங்க!

இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் நடந்ததைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கலை. தைனோ மக்கள் அவருக்குத் தங்கம் தேடித் தரணும், தராவிட்டால் தண்டனை. 1495-ல் சுமார் 500 பேரை அடிமைகளாக விற்கக் கப்பலில் ஏற்றினார். வழியிலேயே 200 பேர் செத்துப்போனார்கள். கொடுமை தாங்காமல் புகார் போய், 1500-ல் அவரையே விலங்கு மாட்டி ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். பிறகு விடுதலையாகி, 1506-ல் இறந்தார்.

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலிக்காரர்களை மற்றவர்கள் கேவலமாக நடத்திய காலம் உண்டு. கொலம்பஸ் எங்க ஆளுன்னு சொல்லித்தான் அவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அதனால் அந்த நாளை விட அவர்களில் பலருக்கு மனசில்லை. 1992-ல் பெர்க்லி நகரம் அதைப் பூர்வகுடி மக்கள் நாளாக மாற்றியது. பிறகு பல ஊர்களும் மாற்றின.

கடலில் போன தைரியத்தை நான் ஒத்துக்கறேன். ஆனா லீவு அந்த 500 பேருக்குத்தான் கொடுப்பேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி