தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம்

நம்மில் பலருக்குப் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது என்றாலே மலைப்பு. ஸ்லோகமின் கதையைக் கேளுங்கள்.

1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பாய்மரக் கப்பல் கேப்டன். நீராவிக் கப்பல்கள் பெருகியதும் வேலை இல்லாமல் போயிற்று. அப்போது நண்பர் ஒருவர் இலவசமாகப் படகு ஒன்று தந்தார். போய்ப் பார்த்தால், அமெரிக்காவின் ஃபேர்ஹேவனில் ஒரு வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்திய பழம்படகு! பெயர் ஸ்ப்ரே.

அவர் சோர்ந்துவிடவில்லை. பக்கத்தில் ஓக் மரம் வெட்டி அடிக்கட்டை செதுக்கினார். சட்டங்கள், பலகைகள் எல்லாம் புதிதாக மாற்றினார். இடுக்குகளில் பஞ்சு அடைத்தார். 13 மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. அதுவே அவர் வீடு.

1895 ஏப்ரல் 24இல், 51 வயதில், பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டார். நீச்சல் தெரியாது. கடிகாரமோ ஒரு டாலருக்கு வாங்கியது. ஆனால் படகு அவரை ஏமாற்றவில்லை. ஆஸ்திரேலியாவை அடுத்த தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 2,700 மைல், 23 நாள். அவர் சுக்கான் பிடித்தது சுமார் மூன்று மணி நேரம்தான். சக்கரத்தைக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தானே நேராக ஓடும்!

46,000 மைல் கடந்து 1898 ஜூன் 27இல் நியூபோர்ட் சேர்ந்தார். உலகைத் தனியாகப் படகில் சுற்றிய முதல் மனிதர் அவரே.

பிற்காலத்தில் படகின் பராமரிப்பு குறைந்தது. 1909இல் அதே படகில் மீண்டும் கிளம்பியவர் திரும்பவேயில்லை. காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனாலும், அந்த 13 மாத உழைப்பை நினைத்துப் பாருங்கள். பயணம் அங்கேதான் தொடங்கியது.