குழந்தைகள் கோர்ட்டில் நின்ற டாக்டர்

போலந்து நாட்டின் தலைநகரம் வார்சா. அங்கே ஓர் அநாதை விடுதி இருந்தது. சுமார் 100 குழந்தைகள் அதில் வளர்ந்தார்கள். விடுதியின் தலைவர் ஒரு டாக்டர். தலைவர் தவறு செய்தால், அவர் மீது குழந்தைகள் வழக்குப் போடலாம். விசாரிக்கும் நீதிபதிகளும் குழந்தைகளே!

ஆறு மாதத்தில் 5 முறை அவரே தன் மீது வழக்குப் போட்டுக்கொண்டார். ஐந்துக்கும் அவர் கோர்ட்டில் பதில் சொன்னார்.

அந்த டாக்டர்தான் யானுஷ் கோர்ச்சாக்.

வேலையை விட்டார்

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கோர்ச்சாக் என்பது கதை எழுத வைத்துக்கொண்ட பெயர்.

இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவினார். டாக்டர் பட்டம் பெற்று, குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். நல்ல பெயர் வந்தது. ஆனாலும் அந்த வேலையை விட்டார். 1912-ம் ஆண்டு, அநாதை விடுதியின் தலைவர் ஆனார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி அவருக்குத் துணையாக இருந்து விடுதியை நடத்தினார்.

தட்டு எடுத்த தலைவர்

சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுப்பது யார் தெரியுமா? கோர்ச்சாக்தான்! ஒவ்வொரு மேஜையாகப் போவார். எந்தத் தட்டு விரிந்திருக்கிறது, எந்தக் கரண்டி வளைந்திருக்கிறது, எந்தக் குழந்தை சாப்பாட்டை மிச்சம் வைத்தது என்று பார்த்துக்கொள்வார். அறையில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் அவருக்குத் தெரியாது.

வாரம்தோறும் குழந்தைகளின் எடையைப் பார்த்துக் குறித்து வைப்பார்.

தபால் பெட்டி

குழந்தைகள் 100 பேர். எல்லோருக்கும் அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும். அவசரத்தில் பதில் சொன்னால் தவறாகப் போகும். அதனால் விடுதியில் ஒரு தபால் பெட்டி வைத்தார். மனக்குறையை எழுதிப் போடலாம். இரவில் சத்தம் அடங்கியதும், அவற்றை நிதானமாகப் படித்து யோசிப்பார். எழுதிய பிள்ளைக்கும் அதற்குள் கோபம் தணிந்துவிடும்.

சண்டை போடும் பையனுடன் பந்தயம் கட்டுவார். அடியோடு நிறுத்து என்று கேட்கமாட்டார். போன வாரத்தைவிடக் குறைத்தால் போதும். வென்றால் மிட்டாய்! எத்தனை சண்டை என்பதைப் பையன்தான் சொல்லவேண்டும். அவன் வார்த்தையை அவர் நம்பினார்.

அவர் மீது வழக்கு

அந்த வாரத்தில் வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து 5 நீதிபதிகளைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கோர்ட்டின் சட்டத்தில் மன்னிப்புக்குத்தான் முதல் இடம்.

கோர்ச்சாக் செய்த குற்றம் என்ன? ஒரு பையனைக் காதில் அடித்தார். இன்னொருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றினார். ஒரு சிறுமி திருடியதாகச் சந்தேகப்பட்டார். பெரியவர் என்பதற்காக அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. தன்னைத் திருத்தியவை இந்த வழக்குகளே என்று பின்னால் எழுதினார்.

கடைசிப் பயணம்

இரண்டாவது உலகப் போரில் நாஜிகள் போலந்தைப் பிடித்தார்கள். 1940-ம் ஆண்டு, யூதர்களை வார்சாவில் மதில் சுவருக்குள் அடைத்தார்கள். குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் உள்ளே போனார். உணவு கிடைக்கவில்லை. குழந்தைகளுக்காக வீடு வீடாகப் போய் உதவி கேட்டார்.

அவரை மட்டும் தப்புவிக்க நண்பர்கள் முயன்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். விடுதியில் இருந்த சுமார் 200 குழந்தைகளை நாஜிகள் ரெயிலுக்கு நடத்திச் சென்றார்கள். கோர்ச்சாக்கும் ஸ்டெபானியாவும் கூடவே நடந்தார்கள். டிரெப்ளிங்கா கொலை முகாமுக்குச் சென்ற அவர்கள் திரும்பவில்லை.

குழந்தைக்கும் உரிமை உண்டு என்று அவர் வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1989-ம் ஆண்டு ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. அது வேண்டும் என்று முதலில் கேட்ட நாடு, கோர்ச்சாக் பிறந்த போலந்து!