அம்மைப்பால் ஆயுள் முழுவதும் காக்குமா?

இங்கிலாந்தில் பெர்க்லி என்ற சிற்றூரில் 1749-ம் ஆண்டு பிறந்தவர் எட்வர்டு ஜென்னர். ஐந்து வயதில் தாயையும் தந்தையையும் இழந்தார். லண்டனில் வைத்தியம் படித்துவிட்டு, சொந்த ஊருக்கே திரும்பி டாக்டர் தொழில் நடத்தினார்.

அந்தக் காலத்தில் பெரியம்மைக்குப் பலியானவர்கள் ஏராளம். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. ஆனால் பால் கறப்பவர்களுக்கு மாட்டு மடியில் இருந்து ஒரு சிறு அம்மை தொற்றும். கையில் கொப்புளம் போடும், ஆறிவிடும். அப்புறம் அவர்களைப் பெரியம்மை அண்டாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜென்னர் அதைச் சோதிக்கத் துணிந்தார்.

1796 மே 14. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்தில் இருந்து நீர் எடுத்தார். ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையைக் கீறி அதை வைத்தார். ஜூலையில் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையே ஏற்றினார்! (இன்று ஒரு டாக்டர் இப்படிச் செய்தால் ஜெயில்தான்.) பையனுக்கு அம்மை வரவில்லை.

சரி, இந்தக் காவல் எத்தனை காலம் நிற்கும்?

ஜான் பிலிப்ஸ் என்பவருக்கு 9 வயதில் மாட்டம்மை வந்திருந்தது. அவருடைய 62-வது வயதில் ஜென்னர் பெரியம்மைச் சீழ் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. 53 ஆண்டுகள் கழித்தும் காவல் இருந்தது! ஒரு முறை குத்தினால் ஆயுள் முழுவதும் போதும் என்று ஜென்னர் முடிவு கட்டினார். 1798-ல் புத்தகம் வெளியிட்டார். பார்லிமெண்டு முதலில் 10 ஆயிரம் பவுன், பிறகு 20 ஆயிரம் பவுன் பரிசு கொடுத்தது.

1811-ல் பேரிடி விழுந்தது. குரோவ்னர் பிரபுவின் பத்து வயது மகனுக்குக் கடுமையான பெரியம்மை! கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு அம்மைப்பால் குத்தியவர் ஜென்னரேதான். பையன் பிழைத்தான். பால் குத்தியதால்தான் உயிர் தப்பினான் என்று ஜென்னர் வாதாடினார். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் காவல் தேய்ந்து போகிறது என்பதை அவர் ஒப்பவில்லை. 1823-ல் காலமானார்.

பின்னர் ஜெர்மனியில் மறுபடி குத்தும் வழக்கம் வந்தது. 1874-ல் சட்டமே செய்தார்கள். குழந்தைப் பருவத்தில் ஒரு முறை, 12 வயதில் இன்னொரு முறை. 1980-ல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இன்று குழந்தைகளுக்குப் போடும் ஹெப்படைடிஸ்-பி காமாலைத் தடுப்பூசி பற்றியும் தாய்மார்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஊசி போட்டவர்களை 30 ஆண்டுகள் வரை கவனித்துப் பார்த்தாயிற்று. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குறைந்து போனாலும், உடம்பு அந்தக் கிருமியை மறப்பதில்லை. வந்தால் அடையாளம் கண்டு எதிர்க்கிறது. ஆகவே எல்லாத் தவணையும் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு மறுபடி ஊசி போடுவதில்லை.