சோம்பல் வாயு கண்ட வில்லியம் ராம்சே

நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு, உடம்பில் எவ்வித வேலையும் செய்யாமல் வந்த வழியே திரும்பிவிடுகிறது. உலகத்தார் எல்லோருடைய மூக்கிலும் புகுந்து வெளிவந்துகொண்டிருந்த அந்த வாயுவுக்கு 1894 வரை ஒரு பெயர்கூட இல்லை. அதை வெளிப்படுத்திய இருவருள் ஒருவர் சர் வில்லியம் ராம்சே.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1852-இல் பிறந்த ராம்சே, ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிரிஸ்டலில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1887-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். கண்ணாடியை ஊதித் தம் கருவிகளைத் தாமே செய்துகொள்வதில் கைதேர்ந்தவர். குமிழி அளவு வாயுவைச் சிந்தாமல் சிதறாமல் கையாள வேண்டிய காலம் வந்தபோது, அக்கைத்திறனே அவருக்குத் துணை நின்றது.

அக்காலத்தில் ராலே பிரபு என்னும் இயற்பியலறிஞர் ஒரு புதிரில் சிக்கியிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம் நிறுத்தது. வேதிப்பொருள்களிலிருந்து பெற்றதோ 1.2505 கிராம்தான். இருநூறில் ஒரு பங்கு வேறுபாடு! செய்முறை ஏட்டில் சோதனைப் பிழை என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களே நம்மில் மிகுதி. ராலே போகவில்லை. 1892-இல் பத்திரிகை வாயிலாக விளக்கம் கேட்டார். ராம்சே அதைப் பற்றிக்கொண்டார்.

காற்றின் நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின் மேல் மீண்டும் மீண்டும் செலுத்தினார். மக்னீசியம் நைட்ரஜனை விழுங்க விழுங்க, எஞ்சிய வாயுவின் அடர்த்தி ஏறிக்கொண்டே போயிற்று. நிறமாலையில் பார்த்தால், எந்தத் தனிமத்துக்கும் உரியனவல்லாத சிவப்புக் கோடுகளும் பச்சைக் கோடுகளும்! 1785-இலேயே காவெண்டிஷ் இதே மிச்சத்தைக் கண்டு, மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேலில்லை என்று குறித்து வைத்திருந்தார். நூறாண்டுக்கு மேலாக அக்குறிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. எதனோடும் சேராத அவ்வாயுவுக்குக் கிரேக்க மொழியில் ‘சோம்பேறி’ எனப் பொருள்படும் ஆர்கான் என்னும் பெயர் சூட்டப்பட்டது. மெண்டெலீவ் போன்ற பெரியோரே அதைத் தனிமமென ஏற்கத் தயங்கி, மூன்று நைட்ரஜன் அணுக்களின் கூட்டாக இருக்கலாம் என்றனர்.

ராம்சே வாதத்தில் பொழுது போக்கவில்லை. 1868-இல், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலும் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தையொட்டி, சூரிய ஒளியில் புதிய மஞ்சள் கோடு ஒன்று காணப்பட்டது. அதற்குரிய ஹீலியத்தை 1895-இல் ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வெளிப்படுத்தினார். 1898-இல் மாணவர் டிராவர்ஸுடன் திரவக் காற்றைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி, கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தார். செனான் கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லை! 1904-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசும், அதே ஆண்டு ராலேக்கு இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தன.

இடையே 1900-இல், ஜம்ஷெட்ஜி டாடாவின் அழைப்பின் பேரில் இந்தியா வந்தார். டாடா நிறுவ விரும்பிய ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பெங்களூரே ஏற்ற இடம் என்று பரிந்துரைத்தார். இந்திய விஞ்ஞானக் கழகம் அங்கே எழுந்தது. அதன் முதல் இயக்குநரும் டிராவர்ஸ்தாம்.

பிற்காலத்தில் அந்தக் கூர்மை எப்போதும் கைகொடுக்கவில்லை. ரேடியம் ஹீலியத்தைப் பிறப்பிக்கிறது என்று 1903-இல் சாடியுடன் காட்டியது உண்மை. ஆனால் 1907-இல், ரேடியத்திலிருந்து வெளிப்படும் வாயுவால் செம்பு லித்தியமாக மாறுவதாக அறிவித்தார். மேரி கியூரி அம்மையார் பிளாட்டினக் கலங்களில் மீண்டும் செய்து பார்த்தார், லித்தியம் தோன்றவில்லை. நுண்ணிய மிச்சத்தை நம்பிப் புகழ் பெற்றவரை நுண்ணிய மிச்சமே ஏமாற்றிவிட்டது. 1916-இல் ராம்சே மறைந்தார்.

அவர் பிடித்த சோம்பேறிகளுக்கு இன்று கடலில் வேலை கிடைத்திருக்கிறது. கடல்நீர் குளிர்ந்தால் கிரிப்டானும் செனானும் அதில் மிகுதியாகக் கரையும். வெப்பமேறினால் வானுக்குத் திரும்பும். உயிர்கள் அவற்றை உண்பதில்லை. வேதிவினை அவற்றை மாற்றுவதில்லை. ஆகவே, அண்டார்க்டிகப் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்றில் அவற்றை நைட்ரஜனோடு ஒப்பிட்டால், அக்காலக் கடல் முழுவதன் சராசரி வெப்பநிலை தெரிகிறது. 2018-இல் வெளியான கணக்கின்படி, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 2.6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது.