நிலாவுக்குப் படம் போனவர் ரயில் நிலையத்தில் பொம்மை விற்றது ஏன்? - ஜார்ஜ் மெலியெஸின் கதை

முகம் உள்ள ஒரு நிலா. அதன் வலது கண்ணில் குத்தி நிற்கும் பீரங்கிக் குண்டு. இந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். டி-ஷர்ட்டிலோ, காபி ஷாப் சுவரிலோ, யாராவது ஒருவரின் வாட்ஸ்அப் டிபியிலோ. அது 1902ல் வந்த ‘நிலாவுக்கு ஒரு பயணம்’ என்ற பிரெஞ்சு மௌனப் படத்தின் காட்சி. எடுத்தவர் ஜார்ஜ் மெலியெஸ்.

உலகம் முழுக்க ஓடிய படம் அது. ஆனால் அதை எடுத்தவர் அடுத்த 25 வருடத்துக்குள் பாரிஸின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றுக்கொண்டிருந்தார். ‘ஹ்யூகோ’ படத்தில் பென் கிங்ஸ்லி நடித்த அந்தக் கடைக்கார தாத்தா கற்பனைப் பாத்திரம் இல்லை, இவர்தான். நடுவில் அப்படி என்னதான் நடந்தது?

செருப்புக் கம்பெனி முதலாளி மகன்

1861 டிசம்பர் 8ல் பாரிஸில் பிறந்தார் மெலியெஸ். அப்பாவுக்குப் பெரிய காலணித் தொழிற்சாலை. பையனுக்கு ஓவியம் படிக்க ஆசை, அப்பாவுக்குத் தொழிலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நம் ஊர்க் கதைதான். கொஞ்ச காலம் தொழிற்சாலையில் மெஷின்களைக் கவனித்துக்கொண்டார். பின்னாளில் கேமராவைக் கழற்றி மாட்டியவருக்கு அந்தப் பழக்கம் வீணாகவில்லை.

நடுவில் 1884ல் வேலைக்காக லண்டனில் இருந்தபோது, அங்கே மேஜிக் ஷோக்களைப் பார்த்து அதில் விழுந்துவிட்டார். 1888ல் அப்பா ஓய்வு பெற்றதும், தொழிலில் தன் பங்கைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் ராபர்ட் ஹூடின் என்ற பிரபல மேஜிக் அரங்கத்தை வாங்கிவிட்டார்.

1895 டிசம்பர் 28. லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டிய முதல் நாள். அழைக்கப்பட்டவர்களில் மெலியெஸும் ஒருவர். படம் முடிந்த கையோடு அந்தக் கருவிக்கு 10,000 பிராங்க் தருவதாகக் கேட்டார். லூமியர்களின் அப்பா மறுத்துவிட்டார். மெலியெஸ் சும்மா இருக்கவில்லை. லண்டனில் ராபர்ட் பால் என்பவரிடம் ஒரு புரொஜெக்டரை வாங்கிவந்து, அதைப் பிரித்துப் பார்த்து, தானே ஒரு கேமரா செய்துகொண்டார். ஓடும்போது அது எழுப்பிய சத்தத்துக்குக் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் என்று பட்டப்பெயர்.

ஒருநாள் பாரிஸ் தெருவில் படம் பிடித்தபோது கேமரா சில நொடி மாட்டிக்கொண்டதாகவும், பிறகு போட்டுப் பார்த்தால் திரையில் ஒரு பஸ் சட்டென்று சவ வண்டியாக மாறியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கதை அழகாக இருக்கிறது, முழுசாக நம்ப வேண்டியதில்லை. ஏனென்றால் கேமராவை நிறுத்தி ஆளை மாற்றும் இதே உத்தியை எடிசன் கம்பெனி 1895லேயே ஒரு படத்தில் செய்துவிட்டது. ஆனால் அதை ஒருமுறை செய்துவிட்டு விடாமல், ஒரு மொழியாகவே வளர்த்தவர் மெலியெஸ். பிலிமைத் திருப்பிச் சுற்றி அதன்மேலேயே மறுபடி படம் பிடிப்பது, ஒரே ஆளை ஒரே பிரேமில் பல பேராகக் காட்டுவது எல்லாம் இப்படி வந்தவைதான். 1901ல் எடுத்த ஒரு படத்தில் அவருடைய தலை பலூன் மாதிரி ஊதிப் பெரிசாகும். கேமரா நகரவில்லை. ஒரு வண்டியில் உட்கார்ந்து அவர்தான் கேமராவை நோக்கி நகர்ந்துவந்தார்.

கண்ணாடி வீடு

1897ல் பாரிஸ் பக்கத்தில் மோந்த்ராய் என்ற இடத்தில் கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையுமாக ஒரு ஸ்டூடியோ கட்டினார். வெளிச்சத்துக்குச் சூரியனை நம்பியிருந்த காலம். அப்போதைய பிலிமில் சிவப்பு நிறம் கறுப்பாகத் தெரியும் என்பதால் செட் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்திலேயே வரைந்தார்கள். கதை, செட், உடை, டைரக்‌ஷன், ஹீரோ வேஷம் எல்லாமே பெரும்பாலும் அவர்தான். கலர் வேண்டுமென்றால் எலிசபெத் துய்லியே என்ற பெண்மணியின் பட்டறைக்குப் போகும். அங்கே சுமார் 200 பெண்கள், ஒருவருக்கு ஒரு நிறம் என்று பிரேம் பிரேமாகத் தூரிகையால் தீட்டுவார்கள்.

ஒரு குறும்பும் உண்டு. 1902ல் பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா நடப்பதற்கு முன்பே, நடிகர்களை வைத்து அந்த விழாவை எடுத்து முடித்துவிட்டார். மன்னருக்கு உடம்பு சரியில்லாமல் விழா தள்ளிப்போனது, படம் மட்டும் தயாராகக் காத்திருந்தது!

அதே வருடம்தான் நிலாப் படம். செலவு சுமார் 10,000 பிராங்க், அன்றைக்கு அது பெரிய பட்ஜெட். மூன்று மாத வேலை. ஓடும் நேரம் கால் மணி நேரத்துக்கும் குறைவு.

காப்பி அடித்தவர்கள் கல்லா கட்டினார்கள்

படம் அமெரிக்காவில் பெரிய ஹிட். ஆனால் ஓடிய பிரிண்ட்களில் பல திருட்டு பிரிண்ட்கள். ஒரு பிரிண்டை வாங்கி அதிலிருந்து நெகட்டிவ் எடுத்து, வேண்டிய அளவு அடித்து விற்றார்கள். செய்தது சந்துக்கடைக்காரர்கள் அல்ல. எடிசனின் கம்பெனியும் லூபின் போன்ற பெரிய தயாரிப்பாளர்களும்தான். திருட்டு விசிடி காலத்தில் நம் தயாரிப்பாளர்கள் புலம்பியது நினைவிருக்கும். இவருக்கு அது நூறு வருடம் முன்பே நடந்துவிட்டது.

தடுக்க முயன்றார். தன் ஸ்டார் பிலிம் கம்பெனியின் நட்சத்திரச் சின்னத்தைச் செட்டிலேயே மாட்டிவைத்தார். 1903ல் அண்ணன் காஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்பி அலுவலகம் திறக்கவைத்தார். இரண்டு கேமராவை அடுத்தடுத்து வைத்துப் படம் பிடித்து, ஒரு நெகட்டிவைப் பாரிஸிலும் ஒன்றை அமெரிக்காவிலும் வைத்துக்கொண்டார். (அவருக்கே தெரியாத ஒரு விஷயம்: அந்த இரண்டு நெகட்டிவையும் சேர்த்தால் 3டி படம் கிடைக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து அப்படிப் போட்டும் காட்டிவிட்டார்கள்.)

ஆனால் திருட்டு மட்டும்தான் அவரைக் கவிழ்த்தது என்று சொல்வது முழு உண்மை இல்லை. சந்தை மாறிவிட்டது. மெலியெஸ் படத்தை மீட்டர் கணக்கில் விற்பவர். வாங்கியவர் அதைத் தேயும்வரை ஓட்டலாம். பாதே கம்பெனியோ விற்பதை நிறுத்திவிட்டு வாடகைக்கு விட ஆரம்பித்தது. 1908ல் எடிசன் தலைமையில் உருவான கூட்டமைப்பில் மெலியெஸ் சேர்ந்தார். அதற்கு வாரம் 1,000 அடி பிலிம் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு மனிதரால் அது முடிகிற காரியமா? ரசிகர்களும் நீளமான கதைகளைத் தேடிப் போய்விட்டார்கள். இவரோ அதே பழைய மேடை பாணியை விடவில்லை. என் கணக்கில் பாதித் தவறு அவருடையதும்தான்.

1911ல் வீட்டையும் ஸ்டூடியோவையும் அடமானம் வைத்து பாதேயிடம் பணம் வாங்கிப் படம் எடுத்தார். படங்கள் ஓடவில்லை. பாதே ஆட்கள் அவர் படத்தில் கத்தரியும் வைத்தார்கள். காஸ்தோன் ஒரு குழுவோடு தென் பசிபிக் தீவுகள், ஆசியா என்று சுற்றி எடுத்த படங்களில் பல, வெயிலில் கெட்டுப்போய் பெரிய நஷ்டம். 1913ல் மனைவி யூஜெனி இறந்தார். அதற்குப் பிறகு மெலியெஸ் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

உலகப் போர் வந்தது. ஸ்டார் பிலிமின் நூற்றுக்கணக்கான பிரிண்ட்களை பிரெஞ்சு ராணுவம் எடுத்துக்கொண்டு போய் உருக்கியது. வெள்ளியைப் பிரித்தெடுத்தது போக, மிஞ்சிய செல்லுலாய்டு பூட்ஸ் குதிகாலாக மாறியது. செருப்புத் தொழில் வேண்டாம் என்று ஓடிவந்த மனிதரின் படங்களுக்கு இந்தக் கதி.

1923ல் ஸ்டூடியோ கைவிட்டுப் போனது. சாலை விரிவாக்கத்துக்காக ராபர்ட் ஹூடின் அரங்கமும் இடிக்கப்பட்டது. வைக்க இடமில்லாமல், ஆத்திரம் தாளாமல், மிச்சமிருந்த நெகட்டிவ்களை மெலியெஸ் தன் கையாலேயே எரித்தார்.

பொம்மைக் கடை

1925ல், தன் பழைய படங்களின் நாயகி ஜான் தால்சியைத் திருமணம் செய்துகொண்டார். பொம்மைக் கடை அவருடையது. குளிரோ மழையோ, இருவரும் மாறி மாறிக் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். அங்கேதான் ஒரு சினிமாப் பத்திரிகை ஆசிரியர் தற்செயலாக இவரை அடையாளம் கண்டுகொண்டார். செய்தி பரவியது. எங்கோ ஒரு மாளிகையின் பால்பண்ணைக் கட்டடத்தில் கிடந்த அவருடைய சில படங்கள் கிடைத்தன. 1929 டிசம்பர் 16ல் பாரிஸில் அவருக்கு விழா எடுத்துப் படங்களைத் திரையிட்டார்கள். 1931ல் பிரான்ஸின் லீஜியன் ஆஃப் ஹானர் விருது. கையில் கொடுத்தவர் லூயி லூமியர். கருவி தர மாட்டேன் என்ற அதே குடும்பம்!

விருது வந்தது, வருமானம் வரவில்லை. மறுவருடம் சினிமாக் கலைஞர்களுக்கான ஓர்லி முதியோர் இல்லத்தில் மனைவியோடும் பேத்தியோடும் இடம் கிடைத்தது. பழைய படங்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த ஹென்றி லாங்லுவா என்ற இளைஞர், அந்த இல்ல வளாகத்தில் இருந்த ஒரு கட்டடத்தில் தன் பிலிம்களை வைத்தார். சாவியை மெலியெஸிடம் கொடுத்தார். தன் படங்களை எரித்தவர், அடுத்தவர் படங்களுக்குக் காவல் இருந்தார்.

1938 ஜனவரி 21ல், 76 வயதில் இறந்தார். எடுத்தது 500க்கும் மேல், கிடைத்திருப்பது சுமார் 200. நிலாப் படத்தின் கையால் தீட்டிய கலர் பிரதி ஒன்று 1993ல் பார்சிலோனாவில் கிடைத்தது. பிரேம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிசெய்து, 2011ல் கான் திரைப்பட விழாவில்தான் அதைத் திரையிட முடிந்தது. அந்தப் படத்தின் காப்புரிமைக் காலம் முடிந்து பல வருடமாகிறது. இன்று யார் வேண்டுமானாலும் யூடியூபில் பார்க்கலாம், காசு தர வேண்டியதில்லை.