பிள்ளை கேட்ட கேள்வி

கணிதம் என்றதும் நம் மாணவ நண்பர்களின் நாவில் முதலில் வரும் பெயர் இராமானுசன். அதில் தவறில்லை. ஆயினும் அவருக்குப் பின் எண்களோடு வாழ்ந்து மறைந்த மற்றொரு தமிழரை நாம் ஏனோ மறந்தோம். அவர்தாம் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-இல் பிறந்தார். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளியின் இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சிறு சம்பளத்திலிருந்து உதவிப் படிக்க வைத்தார். உதவித் தொகை எப்போது வரும் என்று விடுதியில் காத்திருக்கும் நமக்கு அந்த ஆசிரியரின் அருமை சொல்லாமலே விளங்கும். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரி, சென்னையில் ஆராய்ச்சி, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி.

அங்கிருந்தபோதுதான், 1930-இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கேள்வி கேட்டார். 1 முதல் ஏதேனும் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, 1 கூட்டுங்கள். அந்தத் தொகையை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்றை எடுத்து, அதில் 1 கழியுங்கள். கிடைப்பது, நாம் பெருக்கிய கடைசி எண்ணால் எப்போதும் வகுபடுமா?

5 வரை பெருக்கினால் 120, 1 கூட்ட 121, அதை வகுக்கும் பகா எண் 11, 1 போக 10, 5-ஆல் வகுபடுகிறது. ஓர் இரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன். 7 வரை பொய்க்கவில்லை. நம்பிக்கையே வந்துவிட்டது. 8-இல் உடைந்தது! 40,321-ஐ 61 வகுக்கிறது. 60-ஐ 8 வகுக்காது.

இப்படி மீறுகிற பகா எண்களுக்கே இன்று பிள்ளை பகா எண்கள் என்று பெயர். விடை இல்லை என்று ஆன பின்பும் கேட்டவர் பெயர் நிலைத்துவிட்டது. அவற்றுள் மிகச் சிறியது 23. 14 வரை பெருக்கி 1 கூட்டினால் வரும் 8,717,82,91,201-ஐ அது வகுக்கிறது. 22-ஐ 14 வகுக்காது. (என் வயதும் 23. அதில் எனக்கொரு அற்ப மகிழ்ச்சி!) எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதனினும் பெரிய பிள்ளை பகா எண் உண்டு. இதை நிறுவியவர்களுள் ஒருவர் எம். வி. சுப்பாராவ். நாம் படிக்கும் இதே ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகத்தில் ஒரு காலத்தில் பணியாற்றி, 1963-இல் கனடா சென்றவர். 2002-இல் கூட இக்கேள்வி பற்றி ஹார்டி என்பவரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். இந்த ஹார்டி இராமானுசனின் ஹார்டி அல்லர்.

பிள்ளைக்கு உலகப் புகழ் தந்தது வேறொன்று. எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்கள் 73-க்கு மேற்படாமல் கூட்டி எழுதலாம் என்று 1940-இல் நிறுவினார். 72 போதாது.

பிறகு கல்கத்தா சென்றார். 1950-இல் ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். பிரின்ஸ்டன் உயராய்வுக் கழகத்தில் ஓராண்டு தங்கவும் ஏற்பாடாகியிருந்தது. ஆகஸ்டு 31 அன்று, கெய்ரோவை விட்டு எழுந்த விமானம் சிறிது நேரத்திலேயே பாலைவனத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49.