வேதநாயகரின் வள்ளன்மை

தமிழில் எழுந்த முதற் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்பதை மாணவர் அறிவர். பசியால் வாடினோர்க்கு அவர் கஞ்சி வார்த்த வரலாற்றை அறிந்தவர் சிலரே.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மைந்தராக 1826-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் வேதநாயகர் தோன்றினார். தியாகப் பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராயினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்பும் அவருக்குக் கிட்டியது. அப்பெரும்புலவர் தம் நண்பர்மீது குளத்தூர்க் கோவை பாடினார் எனின், அந்நட்பின் ஆழத்தை அளவிட வேண்டுவதில்லை.

1857-இல் தரங்கம்பாடி முன்சீபாக உயர்ந்த வேதநாயகர், சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். சான்றுகளை ஆராய்ந்து, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிந்து, உரியவனுக்கு உரியதை அளிப்பது முன்சீபின் கடமை. ஆங்கிலம் அறியாத மக்களும் சட்டத்தை அறிதல் வேண்டும் எனக் கருதி, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் தமிழில் வெளியிட்டார். 1872-இல் பணியினின்று நீங்கிய பின்னரும் மாயூரத்திலேயே வாழ்ந்து, அந்நகராட்சியின் தலைவராகவும் விளங்கினார்.

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. தமிழாண்டில் அது தாது. ஆதலின் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் முதலிய வறண்ட பகுதிகள் பெரிதும் நலிந்தன. காவிரி பாயும் தஞ்சைச் சீமையில் நெல் விளைந்தது. விளைந்தும் என் பயன்? அந்நெல் புகைவண்டியேறி, விலை மிகுந்த இடங்களுக்குச் சென்றது. நாட்கூலியால் வயிறு வளர்ப்போர்க்கு நெல்லின் விலை எட்டாததாயிற்று. வயலில் கதிரும் வீட்டில் பட்டினியும் ஒருங்கே இருந்த காலம் அது.

அரசினர் வாளா இருந்தனர் அல்லர். ஆயினும், உதவி பெறுவோன் உண்மையிலேயே வறியவன்தானா என்று சோதித்த பின்னரே உதவுதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. உடல் வலிமையுடையோர் சாலையிலும் கால்வாயிலும் உழைத்தே கூலி பெறல் வேண்டும். 1877-இல் மேற்பார்வைக்கென வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஒருவன் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். இவரே 1874-இல் பீகாரில் பர்மா அரிசியைத் தாராளமாக வழங்கிப் பல உயிர்களைக் காத்தவர். அதற்காக ஊதாரி என்னும் பழியையும் சுமந்தவர். அப்பழிக்கு அஞ்சிய கை சென்னை மாகாணத்தில் சுருங்கிற்று என்றே கருத வேண்டியுளது. மண் சுமப்பவனுக்கு அவ்வுணவு போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையரான மருத்துவர் கார்னிஷ் வன்மையாக வாதிட்டார்.

தஞ்சைச் சீமைக்கு அறம் புதிதன்று. மராட்டிய மன்னர் எழுப்பிய சத்திரங்கள் பல அங்கு இருந்தன. எனினும் அவை பெரும்பாலும் வழிச்செல்வோரை எண்ணி அமைந்தவை. அங்கும் யார்க்குச் சோறு, யார்க்கு அரிசி என்னும் வரிசை உண்டு.

வேதநாயகரோ கஞ்சித் தொட்டிகளைத் திறக்கச் செய்தார். கஞ்சியைக் காய்ச்சிப் பொதுவில் வார்க்கும் இடத்திற்கே கஞ்சித் தொட்டி என்று பெயர். வாழ்நாளெல்லாம் சான்று கேட்ட முன்சீப், பசித்தவனிடம் சான்று கேட்டாரல்லர். ஒட்டிய வயிறே அவருக்குப் போதிய சான்றாயிற்று. தாம் கிறித்தவராயினும் வந்தவர் எம்மதத்தினர் என்று நோக்கவில்லை. தம் பொருளையெல்லாம் இப்பணிக்கே ஈந்தார். பாடுபட்டுத் தேடிய செல்வம் குறையக் குறைய, வருவோர் தொகை பெருகியதே அன்றிக் குறையவில்லை.

தனியொருவர் கொடையால் மாகாணத்தின் பசி தீர்ந்துவிடாது. அவரது கஞ்சி மாயூரத்தின் எல்லையைத் தாண்டிச் செல்ல வழியில்லை. அரசினர் வேலைகளோ பின்னாளிலும் பயன் தந்தன. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டதேயாம். ஆயினும் கால்வாய் வெட்டி முடியுமட்டும் பசி காத்திராது. இந்தியாவில் அப்பஞ்சத்தால் மாண்டவர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவர். அதன் பின்னரே பஞ்ச ஆணைக்குழு அமைந்து, 1880-இல் அறிக்கை அளித்தது. பஞ்ச காலத்தில் உதவுவது அரசின் கடன் என்பது விதிகளாக வகுக்கப்பட்டது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரின் ஈகையைக் கண்டு வியந்து அவர்மீது கீர்த்தனை ஒன்று பாடினார். வேதநாயகரும் பஞ்சத்தின் கொடுமையை எடுத்துரைத்து இறைவனிடம் முறையிடும் இசைப்பாடல்களை இயற்றினார். பஞ்சம் தணிந்த 1879-ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள், வேதநாயகர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.